இரத்தினபுரியின் கற்கள்

ஓர் ஊரின் பெயரே அவ்வூரின் செல்வத்தை ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுவதுண்டு. சப்பிரகமுவ மாகாணத்தின் தலைநகரான இரத்தினபுரி அத்தகைய பெயர் பெற்ற ஊராகும். மாணிக்கங்களின் நகரம் என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் அப்பெயரே அவ்வூருக்கு ஒரு திரையாகவும் அமைந்துவிட்டது. வெளியூரிலிருந்து வருவோர் கடைத்தெருவில் இரண்டொரு கற்களை விலை பேசி, வாங்கியோ வாங்காமலோ திரும்பிவிடுகின்றனர். சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் மக்களோ, சம்பளம் கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்குமாக நகருக்கு இறங்குகின்றனர். பேருந்து நிலையம், கடை, மருத்துவமனை, கச்சேரி ஆகியவற்றை அவர்கள் நன்கறிவர். ஊரை அறிவதற்கு இருசாராருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

விலைக்கு விற்கப்படும் கற்களையன்றி, விலைக்கு வாராத கற்கள் சிலவும் இரத்தினபுரியில் உள்ளன. அவற்றைக் காணச் செல்லும் ஒருவர் ஒரே நாளில் பல நூற்றாண்டுகளைக் கடந்து வரலாம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. வழியில் அவிசாவளை வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை அரசு தழைத்த இடம் இதுவே. அவ்வரசின் புகழ்பெற்ற மன்னன் முதலாம் இராஜசிங்கன், 1581 முதல் 1593 வரை ஆண்டவன். அவன் சைவம் தழுவினான் என்றும், சிவனொளிபாதமலையைச் சைவத் துறவிகளிடம் ஒப்படைத்தான் என்றும் சூளவம்சம் கூறும். அவன் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் பெரண்டி கோயிலின் கருங்கல் அடித்தளம் இன்றும் அவிசாவளையிலே முற்றுப்பெறாத நிலையிற் கிடக்கிறது.

அம்மன்னனின் காலத்திலே அழகியவண்ண முகவெட்டி என்ற சிங்களப் புலவர் ஒரு தூது நூல் பாடினார். புலவரின் பெயரிலே தமிழோசை ஒலிப்பதைக் கேட்போர் உணரலாம். சவுள் சந்தேசய என்பது நூலின் பெயர். சேவலைத் தூதுவிட்டமையால் வந்த பெயர் அது. அன்னத்தையும் கிளியையும் தூதுவிட்ட தமிழ்ப் புலவர்களைப் போல, இவர் ஒரு சேவலைச் சீதாவாக்கையிலிருந்து சப்பிரகமுவவின் சமன் தேவாலயத்திற்கு அனுப்புகிறார். மன்னனைக் காக்கும்படி சமன் தெய்வத்திடம் வேண்டுவதே தூதின் செய்தி. இன்று அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பயணி, அந்தச் சேவல் சென்ற திசையிலேயே செல்கிறார். 1912ஆம் ஆண்டில் களனிப் பள்ளத்தாக்கின் சிற்றகலப் புகைவண்டிப் பாதையும் இரத்தினபுரியை வந்தடைந்தது. தோட்டங்களின் இறப்பரும் தேயிலையும் கொழும்புக்குப் போவதற்காக இடப்பட்ட அப்பாதை, அவிசாவளைக்கு அப்பால் இன்று இல்லை.

ஊரை நெருங்கியதும் முதலிற் கண்ணுக்குப் புலப்படுவன மாணிக்கக் குழிகள். வயல் நடுவே ஓலைக் கூரை வேய்ந்த சிறு கொட்டில் ஒன்று தெரிந்தால், அதன் கீழே ஒரு குழி இருக்கிறதென்று கொள்ளலாம். சதுரமாக வெட்டப்படும் அக்குழியின் பக்கங்களை மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, மண் சரியாதவாறு இடையிடையே தழைகளைத் திணிப்பர். ஊறும் நீரை முன்னாளில் துலாவைக் கொண்டு இறைத்தனர். இப்பொழுது இயந்திரம் இறைக்கிறது. களிமண்ணையும் மணலையும் கடந்து கீழே சென்றால், கூழாங்கற் படை ஒன்று எதிர்ப்படும். அதனை 'இல்லம்' என்பர். பழங்காலத்து ஆறுகள் மலைகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்த படிவு அது. நீலமும் புட்பராகமும் வைடூரியமும் கோமேதகமும் அதிலேதான் மறைந்திருக்கின்றன. இல்லத்தை மேலேற்றிக் குவித்துவைத்து, பின்னர் ஒரு நாள் கூடையிலிட்டு நீரிலே சுழற்றிக் கழுவுவர். இலேசான மணல் நீரோடு போய்விட, கனத்த கற்கள் கூடையின் அடியில் தங்கும். அவற்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகவே பல மாத உழைப்பு.

குழியில் இறங்குவோருக்குப் பெரும்பாலும் நாட்கூலி இல்லை; உணவும், கல் கிடைத்தால் பங்கும் உண்டு. நிலத்துக்குரியவர், அனுமதிப் பத்திரம் பெற்றவர், நீரிறைக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரர், உழைப்பவர் என்று பங்குகள் வழக்கப்படி பிரியும். கல் அகப்படாவிட்டால் உழைத்தவருக்கு உண்ட சோறு மட்டுமே மிச்சம். தோட்டத்து இளைஞர் சிலரும் இன்று இத்தொழிலில் இறங்கியிருக்கின்றனர்.

இத்தொழிலின் வரலாற்றிலே ஒரு செய்தி சிந்தனைக்குரியது. பால் கலந்தாற்போல் மங்கிய நிறமுடைய ஒருவகைக் கல் இங்கே கிடைக்கும். 'கெவுட' என்பது அதன் பெயர். மதிப்பற்றதென்று அதனைப் பலகாலம் ஒதுக்கி வைத்தனர். 1970களில் தாய்லாந்து வணிகர் அக்கற்களை மலிவாக வாங்கிச் சென்று, உலையிலே மிகுந்த வெப்பத்திற்கு உட்படுத்தி, தெளிந்த நீலக்கற்களாக்கி விற்றனர். கையிலிருந்த பொருளின் மதிப்பை அறியாது இழந்த அந்தப் பாடத்திற்குப் பின்னரே, அவ்வித்தையை இந்நாட்டவரும் கற்றுக்கொண்டனர்.

மாணிக்கக் குழிகள் மாணிக்கத்தை மட்டும் தருவதில்லை. யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகிய விலங்குகளின் கல்லாகிப்போன எலும்புகளும் பற்களும் இப்படிவுகளிலிருந்து வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்தவர் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பீ. ஈ. பீ. தெரணியகல ஆவார். இன்று இலங்கையின் காடுகளிலே காண்டாமிருகமுமில்லை, நீர்யானையுமில்லை. குருவிட்டப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டு, ஒருகாலத்தில் இத்தீவிலே சிங்கமும் வாழ்ந்ததென்று அவர் 1939இல் எழுதினார். தேசியக் கொடியிலே வாளேந்தி நிற்கும் சிங்கம், உயிரோடு உலாவிய நாளும் ஒன்று இருந்தது. அந்நாளிலே இன்றைய மொழிகள் எதையும் பேசுவோர் இத்தீவில் இருந்திலர்.

இரத்தினபுரியின் நூதனசாலை அமைந்திருக்கும் மாளிகையும் வரலாறுடையது. கண்டியரசின் கீழ்ச் சப்பிரகமுவவின் திசாவையாக இருந்த எஹலப்பொலவின் பெயரால் அது வழங்குகிறது. மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனோடு பகைத்து 1814இல் ஆங்கிலேயரைச் சார்ந்த எஹலப்பொல, மன்னனின் ஆணையால் மனைவி மக்களை இழந்தான். பின்னர் ஆங்கிலேயராலேயே நாடு கடத்தப்பட்டு, 1829இல் மொறீசியசுத் தீவில் உயிர்நீத்தான்.

நகரிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவில் மகா சமன் தேவாலயம் இருக்கிறது. சிவனொளிபாதமலையின் காவல் தெய்வமாகச் சிங்களப் பௌத்தர் வணங்கும் சமன் தெய்வத்திற்குரிய தலைமைக் கோயில் இது. 13ஆம் நூற்றாண்டில், தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவப்பதிராஜர் இதனைக் கட்டுவித்தாரென்பது மரபு. மலைக்குச் செல்லும் யாத்திரிகருக்காகப் பாலங்கள் அமைத்தவரும் அவரே.

இக்கோயிலின் வளவிலே ஒரு கல் உண்டு. இரத்தினபுரிக்கு வருவோர் வேறெதைக் காணாவிடினும் இதனைக் காணவேண்டும். கவசம் பூண்ட போர்த்துக்கேய வீரன் ஒருவன் வாளை ஓங்கி நிற்க, அவன் காலடியில் ஒரு சிங்கள வீரன் வீழ்ந்து கிடக்கும் காட்சி அதிலே செதுக்கப்பட்டிருக்கிறது. நிற்பவன் சிமாவோ பின்யாவோ என்ற போர்த்துக்கேயத் தளபதி என்பர். போர்த்துக்கேயர் பழைய கோயிலை அழித்து, அவ்விடத்திலே தமது கோட்டையையும் தேவாலயத்தையும் எழுப்பினர். தமது வெற்றியை அழியாத கல்லிலே எழுதினர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் நாடு ஸ்பெயின் மன்னரின் முடியின் கீழ் இருந்தது. ஆகவே சப்பிரகமுவவின் இக்கரையிலே போரிட்டவர்களும் அந்நாளில் ஸ்பெயின் மன்னரின் பெயராலேயே போரிட்டனர்.

ஸ்பெயின் நாட்டின் மேற்கிலே துருகியோ என்ற சிறிய பழைய நகரம் உண்டு. தென்னமெரிக்காவின் இன்கா அரசை வீழ்த்திய பிசாரோ பிறந்த ஊர் அது. அந்நகரின் சதுக்கத்திலே பிசாரோ குதிரைமீதமர்ந்த வெண்கலச் சிலையாக நிற்கிறான். வென்றவனின் ஊரிலே வென்றவனின் சிலை நிற்பதில் வியப்பில்லை. இரத்தினபுரியின் கல்லோ, தோற்றவனின் ஊரிலே நிற்கிறது. போர்த்துக்கேயர் போயினர், அவர்களது கோட்டை போயிற்று, கண்டி மன்னர் காலத்திலே சமன் தேவாலயம் மீண்டும் எழுந்தது. அப்பொழுது அக்கல்லை உடைத்தெறிந்திருந்தால் கேட்பாரில்லை. ஆயினும் அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. பட்ட அவமானத்தையும் தனது வரலாற்றின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்ட ஊர் இது.

மனிதரும் அக்காலத்தில் எளிதாகப் பிரிந்து நின்றவர் அல்லர். சேவலைத் தூதுவிட்ட அதே அழகியவண்ணர், பின்னர் கத்தோலிக்க சமயம் தழுவி, போர்த்துக்கேயரின் நிலப் பதிவேடான தோம்பு எழுதும் பணியிலே அமர்ந்தார்.

சமன் தேவாலயத்திலிருந்து மனம் இயல்பாகவே மலையை நோக்கிச் செல்லும். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக ஏறும் பாதை, சிவனொளிபாதமலைக்குரிய பழைய பாதைகளுள் ஒன்று. 2,243 மீற்றர் உயரமுள்ள அச்சிகரத்தின் பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தபிரானுடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். இசுலாமியர் ஆதித் தந்தை ஆதமுடையது என்பர். கிறித்தவருள் சிலர் புனித தோமையாருடையது என்பர். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபுனு பத்தூத்தா இம்மலையேறியபோது, அவருக்குப் பல்லக்கும் துணையும் தந்து அனுப்பியவன் தமிழ் மன்னனான ஆரியச் சக்கரவர்த்தி. சிங்கள மன்னன் இராஜசிங்கன் சைவரிடம் ஒப்படைத்த இம்மலையை, 18ஆம் நூற்றாண்டிலே பௌத்த சங்கத்திடம் மீட்டளித்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவனோ தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவன். எவருடைய மலை என்ற கேள்விக்கு வரலாறு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவதில்லை.

இவ்வளவையும் கண்ட பயணி, மாலையில் மலைச்சரிவுகளை நிமிர்ந்து பார்த்தால் இன்னுமொரு வகைக் கற்களைக் காண்பார். தேயிலைச் செடிகளுக்கிடையே மண் கரையாதபடி அடுக்கிய கற்கட்டுகள் அவை. ஆண்டுதோறும் பெருமழை கொட்டும் பகுதி இது. 2003ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இங்கே பல உயிர்களைக் கொண்டுபோயின. இத்தகைய மழையின் நடுவே கான் வெட்டி, கற்கட்டுக் கட்டி, சரிவுகளைப் பயிர்நிலமாக நிறுத்தியவர் திருச்சியிலும் சேலத்திலும் மதுரையிலும் இராமநாதபுரத்திலுமிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் அடுக்கிய கற்களிலே அவர்களுடைய பெயர் இல்லை.

பெயர் இல்லாததால் நேர்ந்த துன்பம் சிறிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் சென்று குடியேறின. எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. ஊரிலே உரிமை கேட்பவரிடம், 'உன் அடையாளம் எங்கே?' என்ற கேள்வி எப்பொழுதும் எழுப்பப்பட்டே வந்திருக்கிறது.

சட்டம் குடியுரிமையைத் தந்துவிட்டது. ஓர் ஊரைத் தன் ஊரென்று உணரும் உரிமையை எந்தச் சட்டமும் தர இயலாது. அதனை அறிவினாலேதான் அடையவேண்டும். தோட்டத்துப் பிள்ளை பாடசாலையில் தொலைதூரத் தலைநகரங்களைப் படிக்கிறது. தன் லயத்திலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள சமன் தேவாலயத்துக் கல்லைக் கண்டதில்லை. அக்கல்லைக் கண்டால், தோற்றவரும் நினைவில் நிற்கலாம் என்பதை அது அறியும். சிங்கத்தின் பல்லைக் கண்டால், இம்மண்ணிலே எவரும் நேற்று வந்தவரே என்பதை அறியும். பின்னர் தன் பாட்டன் அடுக்கிய கற்கட்டைப் பார்க்கும்போது, அதுவும் இவ்வூரின் வரலாற்றுக் கற்களில் ஒன்றென்று எவரும் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சாமான் வாங்கச் செல்லும் நாட்களிலே ஒன்றைத் தெரிந்து, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, நூதனசாலையில் ஒரு மணி நேரமும் தேவாலயத்தில் ஒரு மணி நேரமும் கழித்தாற் போதும். ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை மனங்கொள்வார்களாக. கெவுடக் கல்லை மதியாது ஒதுக்கியவர்கள் இழந்தது பணம் மட்டுமே. தாம் வாழும் ஊரை அறியாதிருப்பவர் இழப்பதோ அதனினும் பெரிது.