நாள்தோறும் எவ்வளவு நடப்பது?

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



ஏர் பின்னே நடந்தும் ஏற்றம் மிதித்தும் பயிர் செய்த தலைமுறை நம் முன்னோருடையது. இன்று உழவுக்கு டிராக்டரும் இறைப்புக்கு பம்புசெட்டும் வந்துவிட்டன. வயலுக்கும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கிறோம். உழைப்பின் கடுமை குறைந்தது நன்மையே. ஆனால், அதனோடு நடையும் குறைந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

'பத்தாயிரம் காலடி நடந்தால்தான் பயன்' என்று பலர் கூறக் கேட்கிறோம். அது மருத்துவர் வகுத்த அளவன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடியை எண்ணும் கருவியொன்றின் பெயரிலிருந்து பரவியதாகும். அமெரிக்காவில் முதிய பெண்மணிகளிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தோரைவிட 4,400 காலடி நடந்தோரிடம் மரணம் குறைந்திருந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. எட்டாத இலக்கை வைத்து இரண்டே நாளில் கைவிடுவதைவிட, எட்டும் இலக்கை வைத்து நாள்தோறும் நிறைவேற்றுவதே மேல்.

முதல் வாரம், இப்பொழுது எவ்வளவு நடக்கிறோம் என்பதை மட்டும் கவனிப்போம். மறுவாரம் அதனுடன் பத்து நிமிஷம் சேர்ப்போம். விறுவிறுப்பான நடையில் பத்து நிமிஷம் என்பது ஏறக்குறைய 1,000 காலடி. பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. அதுவே சரியான வேகம். பழகியபின் மேலும் பத்து நிமிஷம் கூட்டலாம். நாளுக்கு 30 நிமிஷமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் வாரம் 150 நிமிஷம் நிறைவேறிவிடும். நாள் முழுதும் நாற்று நட்டுக் களையெடுப்போருக்கு அவ்வேலையும் இக்கணக்கில் சேரும்.

நீரிழிவுடையோர் வெறுங்காலுடன் நடத்தலாகாது. நடக்கையில் மார்பில் வலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி, தாமதமின்றி மருத்துவ உதவி பெற வேண்டும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். தெருவிளக்கு எரியாத பாதையில், முட்புதர் மண்டிய ஓரத்தில், தாய்மார்கள் எவ்வாறு நடப்பர்? ஊருக்கு ஒரு பாதையையேனும் செப்பனிட்டு விளக்கேற்றித் தருவது நம் கடமை. அப்பாதையில் முதலில் நாமே நடந்து காட்டுவோமாக!