தொழிலாளி என்னும் பெயர்

(மே நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொல்லாய்வு என்பது புலவர்க்கே உரிய வேலை, வயிற்றுப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம்மை எள்ளுவார் உளர். அவர்கள் ஒருநாள் ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ ஒரு தொழிலக வாயிலில் நின்று பார்க்கட்டும். ஒருவனுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, கை நசுங்கினால் யார் பொறுப்பு என்பனவற்றையெல்லாம் அங்கு ஒரு சொல்தான் முடிவு செய்கின்றது. 'தொழிலாளி' என்பதே அச்சொல். அப்பெயர் உடையவனுக்குச் சட்டம் உண்டு. அப்பெயர் இல்லாதவனுக்கு வேலை மட்டுமே உண்டு. எனவேதான் முதலாளிமார் கூலியைக் குறைப்பதினும் பெயரை மாற்றுவதில் முனைப்பாக உள்ளனர்.

'பயிலுநர்' என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பயிலுநர் தொழிலாளி அல்லர் என்று 1961ஆம் ஆண்டின் தொழில் பயிலுநர் சட்டம் 18ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறுகின்றது. மெய்யாகவே தொழில் கற்க வந்தவனுக்கு அது பொருந்தலாம். பழைய தொழிலாளிக்கு இணையாக அதே பொறியின்முன் இரவும் பகலும் முறைவைத்து நின்று, அவனளவுக்கே பொருள் ஆக்கித் தருகின்றவன் எதைப் பயில்கின்றான்? பொறுமையைத்தான் பயில்கின்றான்!

ஒப்பந்தக் கூலியின் கதை உங்களுக்குத் தெரியாததன்று. வேலை வாங்குபவன் ஒருவன், சம்பளம் தருபவன் வேறொருவன். கேட்டால் ஒருவன் மற்றவனைக் கைகாட்டுவான். 24 திங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிலையான தொழிலாளியாக்க வேண்டும் எனத் தமிழ்நாடு 1981இல் சட்டம் செய்தது. நல்ல சட்டம். ஆனால் அந்த 480ஐ எட்டவிடாமல் இடையில் நிறுத்துவதும், சின்னாள் கழித்துப் புதியவன்போல் மீண்டும் சேர்ப்பதும் கணக்கறிந்தவர்களின் கைத்திறனாகிவிட்டன.

இவற்றையெல்லாம் விஞ்சியதொரு பெயர் இப்பொழுது வந்திருக்கின்றது. உணவுப் பொதி சுமந்து தெருத்தெருவாக விரையும் இளைஞனுக்குப் 'பங்காளர்' என்று பெயர்! ஊர்தி அவனுடையது, எரிநெய் அவனுடையது, கைப்பேசியும் அவனுடையது. நேர்ச்சியில் கால் ஒடிந்தால் காலும் அவனுடையதே. ஆனால் ஒரு பொதிக்கு எவ்வளவு கூலி என்பதும், எவனை எப்பொழுது செயலியிலிருந்து நீக்குவது என்பதும் நிறுவனத்தின் கையில். நம் ஊர்களில் பங்காளி என்றால் பாட்டன் நிலத்தில் உரிமையுள்ளவன். (வழக்குப் போடவும் அவனுக்கு உரிமை உண்டு என்பது நீங்கள் பட்டறிந்ததே.) இழப்பில் மட்டும் பங்குடையவனுக்குத் தமிழில் சொல்லே இல்லை.

இந்தப் பெயர்ச் சூழ்ச்சியைப் பிரித்தானியத் தலைமை வழக்குமன்றம் 2021 பிப்பிரவரி 19இல் உடைத்தது. ஊபர் ஊர்தி ஓட்டுநர்கள் தொழிலாளர்களே. அவர்களுக்குக் குறைந்த அளவுக் கூலியும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உண்டு என்று அது தீர்ப்பளித்தது. தாளில் நிறுவனம் எழுதிவைத்த சொல்லிலிருந்து தொடங்காமல், சட்டம் யாரைக் காக்க வந்தது என்பதிலிருந்து தொடங்கியதே அத்தீர்ப்பின் சிறப்பு. இங்கோ, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் குமுகாயக் காப்புச் சட்டத்தொகுப்பு இவ்வுழைப்பாளரை ஏற்கின்றது. நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை அவர்களின் நலனுக்குத் தரவேண்டும் என்கின்றது. ஆனால் அவர்களுக்கு விளக்கம் கூறுமிடத்தில், முதலாளி தொழிலாளி உறவுக்குப் புறம்பானவர் என்றே வரைகின்றது. உதவி உண்டு, உறவு இல்லை! உதவியை யாரும் கெஞ்சிப் பெறலாம். உறவு இருந்தால்தான் கேட்டுப் பெறலாம்.

பெயரின் ஆற்றலை முதலாளிகள் எவ்வளவு நன்கு அறிவர் என்பதற்குச் சுங்குவார்ச்சத்திரமே சான்று. 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் தொழிற்கழகத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களின் தலையாய கோரிக்கை. கழகப் பெயரில் 'சாம்சங்' என்னும் சொல் வரலாகாது என்று நிறுவனம் தடை கூறிற்று. அப்பெயருக்காக நாள்தோறும் உழைக்கலாம். அப்பெயரைச் சொல்லி ஒன்றுசேரல் ஆகாதாம்! 2025 சனவரியில் அதே பெயரோடு கழகம் பதிவாயிற்று.

இளைஞர்களே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். வேலையில் சேரும் நாளில் உங்கள்முன் நீட்டப்படும் தாளில் நீங்கள் யார் என்று எழுதியிருக்கின்றது? பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். படித்துப் பார்க்க நேரமும் தரமாட்டார்கள். தொழிலக நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலார் அறிந்த மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று வெள்ளையன் காலத்து 1946ஆம் ஆண்டுச் சட்டமே கட்டளையிட்டது. அச்சட்டம் 100 பேர் உள்ள தொழிலகத்தைத் தழுவியது. புதிய தொகுப்பில் அவ்வரம்பு 300 ஆகிவிட்டது. ஒரு நன்மையும் உண்டு. 10 பேரோ மேலோ உள்ள நிறுவனம் ஒவ்வொரு பணியாளர்க்கும் பணியமர்த்த ஆணை தரவேண்டும். அதன் வடிவை உரிய அரசே வகுக்கலாம்.

அந்த ஆணை தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டரசை நாம் கேட்கின்றோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவனுக்கு அவன் மொழியில் தரப்படட்டும். அவனை இருட்டில் வைத்துக் குறைகூலிக்கு அமர்த்தினால் நம் கூலியும் அதனோடு குறையும். அதில் 'தொழிலாளி' என்னும் சொல் இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று அங்கேயே கேளுங்கள். தனியாகக் கேட்க அஞ்சினால் பத்துப் பேராகச் சென்று கேளுங்கள்.