நாக்கின் அடியில் ஒரு மாத்திரை
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசினால் சிரிப்பீர்கள். நான் நம் குரோம்பேட்டை சிநேகிதனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். பீச் - தாம்பரம் ரயிலில் படியில் நின்று பாடிக்கொண்டே வருவானே, அவன்தான்.

எண்பதுகளில் சென்னைக்குப் 'பிரவுன் சுகர்' வந்தது. அவன் புகையில் ஆரம்பித்து ஊசிக்குப் போனான். மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்தினோம். கடைசித் தடவை வெளியே வந்தவனிடம், "இனிமே தொட்டா என் மூஞ்சியிலேயே முழிக்காதே" என்று சொன்னவன் நான்தான். இருபதாம் நாள் போய்விட்டான். நிறுத்திய உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இராது. பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கிய எனக்கே அன்று இது தெரியாது.

இத்தனைக்கும் 1965லேயே நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு டாக்டர்கள் மெதடோன் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உடம்பு முறிக்கும், அடுத்த ஊசிக்குக் காசு தேடி ஓட வேண்டும். மெதடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் நிற்கும். நர்ஸ் முன்னால் ஒரு வேளை சிரப் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஆரம்பத்தில் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். தப்பினால் அதுவும் ஆளைக் கொல்லும்.

நம் நாட்டில் முதலில் பரவியது புப்ரநார்ஃபின். நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை. வேடிக்கை என்னவென்றால், அதே மருந்தின் ஊசியைத்தான் தொண்ணூறுகளில் சென்னையில் பலர் போதைக்குப் போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் எதிரிலேயே கரையவிடச் சொல்வது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை 2007-08ல் சேர்ந்தது. மெதடோன் 2012ல்தான் வந்தது. எய்ட்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஊசியை நாலு பேர் போடுவதுதான். நாம் தினமும் ரயிலில் கடந்த சானடோரியம் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்தே 2004ல்தான் கிடைத்தது.

போன மாதம் நம் பேட்ச் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மகன் தினம் அந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறான். "எப்படா நிறுத்தறது? பொண்ணு பாக்கணும்" என்றார். "நீ பிரஷர் மாத்திரையை எப்ப நிறுத்தப் போறே?" என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. "அதை டாக்டரும் அவனும் முடிவு பண்ணட்டும். மூஞ்சியில முழிக்காதேன்னு மட்டும் சொல்லிடாதே" என்றேன்.

பையன் பல்லாவரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். காலையில் மாத்திரை, ஒன்பதரைக்குக் கடை.