கடலுக்குத் தெரியுமா என் எடை?

(பட்டிமன்றத் தலைப்பு: பெண்ணுக்குத் தன்னம்பிக்கை பெரிதும் வளர்வது உறவுகள் சூழ இருக்கும்போதா? தனித்து இருக்கும்போதா? இடம்: தேனி. ‘தனித்து இருக்கும்போதே’ என்ற அணியில் பேசியது.)



நான் இந்த மேடைக்கு ஏறி வந்தபோது மரப்படி ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் போட்டது. நடுவர் படியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பண்பாளர்! (சிரிப்பு) 2012-க்கு முன்னாலே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருந்தால், ‘தலைவலி’ என்று சொல்லிவிட்டு அப்படியே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன். இன்றைக்கு அதை நானே மைக்கைப் பிடித்துச் சொல்லுகிறேன் என்றால், நடுவிலே என்னமோ நடந்திருக்கிறது அல்லவா? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். ‘விடியக் கருக்கலிலே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பிலே ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிப் போகிற பெண்களைப் பாருங்கள், கூட்டம்தான் அவர்களுக்குத் துணிவு’ என்றார். ஒப்புக்கொள்கிறேன் தம்பி. வேலைக்குப் போகவும் கூலியைக் கேட்டு வாங்கவும் கூட்டம் வேண்டும். ஆனால் நான் பேச வந்தது வேறு துணிவு. இந்த உடம்பு இருக்கிறதே, இந்த உடம்பு, இதைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடுவிலே கூசாமல் நடக்கிற துணிவு. அதைக் கெடுக்கிறவர்கள் ஊரார் இல்லை, நடுவர் அவர்களே. நம்ம வீட்டு ஆட்கள்தான்!

எனக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். ஆற்றங்கரைக்காரி. 1895-இலே பென்னிகுவிக் அணையைக் கட்டித் திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீர், எங்கள் முல்லையாற்றிலே கலந்து ஓடுகிற ஊர். எழுபதுகளின் கடைசியிலே என் அம்மாச்சி கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்குப் போவேன். அங்கே பார்க்காத உடம்பில்லை. ஒல்லி உண்டு, பருமன் உண்டு. ஒன்பது பெற்று வயிறு மடிந்த கிழவி உண்டு. அம்மைத் தழும்பு உண்டு, நெருப்புப் பட்ட கை உண்டு. மாராப்பு வரைக்கும் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டு, ஊர்க் கதை பேசிக்கொண்டு குளிப்பார்கள். பொம்பளை உடம்பென்றால் இப்படி நூறு விதமாக இருக்கும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் படித்துறையிலே தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வீட்டிலே குளியலறை கட்டினார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே போய்த் தாழ் போட்டதும் என்ன ஆச்சு? மற்றவள் உடம்பு மறைந்து போச்சு. கண்ணாடியிலே என் உடம்பு ஒன்று. தொலைக்காட்சியிலே சோப்பு விளம்பரத்திலே வருகிறாளே, அவள் உடம்பு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க இந்த இரண்டுதான் மிச்சம். நான் எங்கேயிருந்து ஜெயிக்க? (கைதட்டல்)

சரி, கதைக்கு வருகிறேன். 1998. எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு மாதம். சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்துச் சுருளி அருவிக்குப் போனோம். புளியோதரை, தயிர்சாதம், தேங்காய்த் துவையல். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், சுருளிப் பக்கம் யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறையினர் அருவிக்குப் போகவிட மாட்டார்கள். நான் பிள்ளையை மாமியார் கையிலே கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணிக்குள்ளே கால் வைத்தேன். முறைக்கார அண்ணன் ஒருத்தர் சத்தமாகச் சொன்னார்: ‘ஏப்பா, யானை இறங்குது! அருவியை மூடிரப் போறாங்க!’

இங்கே சிலபேர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்ல நகைச்சுவைதான். அன்றைக்கு வேனிலே வந்த இருபது பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான்.

வைத்த காலை எடுத்தேன். கரைக்கு வந்து, ‘எனக்குச் சளி பிடிச்சிருக்கு. நீங்க குளிங்க, நான் பையைப் பாத்துக்கறேன்’ என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு பதவி கிடைத்தது. பை காக்கிற பதவி! பதினாலு வருஷம் அந்தப் பதவியிலே இருந்தேன். கும்பக்கரையிலே பை காத்தேன். குற்றாலத்திலே பை காத்தேன். கன்னியாகுமரிக்கு மாணவிகளைக் கூட்டிப்போய் நாற்பது ஜோடிச் செருப்புக் காத்தேன். கல்யாண வீட்டு போட்டோவிலே பார்த்தால் கடைசி வரிசையிலே யாராவது ஒருத்தர் தோளுக்குப் பின்னாலே என் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரியும்.

இதிலே பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நான் முனைவர் பட்டம் வாங்கினவள். வகுப்பிலே பரிபாடல் நடத்துகிறவள்! நம்ம வருசநாட்டு மலையிலே பிறந்து ஓடுகிற வையையிலே புதுவெள்ளம் வந்தால், மதுரையே திரண்டு போய் நீராடுமாம். யானை மேலே போகிறார்கள், குதிரை மேலே போகிறார்கள், இளையவர்களும் போகிறார்கள், முதியவர்களும் போகிறார்கள். பரிபாடலில் எழுபது பாட்டு இருந்தது என்பார்கள். முழுசாக நமக்குக் கிடைத்தது இருபத்திரண்டு. அதிலே எட்டுப் பாட்டு வையைக்கே உரியது. அந்த எட்டையும் ரசித்து ரசித்து நடத்துவேன். மாணவிகள் சொக்கிப் போவார்கள். நடத்துகிற அம்மா கணுக்காலுக்கு மேலே தண்ணி படாமல் வாழ்ந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது!

எதிரணி அம்மா ஒருத்தர் கேட்டார்கள்: ‘உறவு கேலி பண்றது அன்பாலேதானே?’ அன்புதான் அம்மா. மறுக்கவில்லை. அந்த அண்ணன் எனக்குப் பிரசவ நேரத்திலே ரத்தம் கொடுத்தவர். அதனாலேதான் அந்தச் சொல் போகவில்லை! முகம் தெரியாதவன் சொன்னால் ‘போடா’ என்று வந்துவிடுவேன். ரத்தம் கொடுத்தவர் சொன்னால் என்ன செய்ய?

2012, மே மாதம். மறுபடியும் சுருளி. நான் என் ஆசனத்திலே, பைகளுக்கு நடுவிலே. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். என்னைப் போலவே கொஞ்சம் பூசின உடம்பு. எல்லாரும் தண்ணிக்கு ஓடினார்கள். அவள் துப்பட்டாவை நன்றாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து என் பக்கத்திலே உட்கார்ந்தாள். ‘போம்மா, குளி’ என்றேன். ‘இல்லம்மா. எனக்குச் சளி. நானும் பை பாத்துக்கறேன்’ என்றாள்.

நடுவர் அவர்களே, அவளுக்குச் சளி இல்லை.

சொத்துபத்து கொடுக்கிறோம், நகை கொடுக்கிறோம். நான் என் பிள்ளைக்கு அந்தக் கல்லைக் கொடுத்திருக்கிறேன், பக்கத்திலே உட்காருவதற்கு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘போய்க் குளி’ என்று அவளை அதட்டலாம். ஆனால் எனக்கே இல்லாத ஒன்றை எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

அந்த ஆவணியிலே ராமநாதபுரத்திலே ஒரு கருத்தரங்கம். மத்தியானமே முடிந்துவிட்டது. பஸ் நிலையத்திலே மதுரை பஸ்ஸும் நின்றது, ராமேசுவரம் பஸ்ஸும் நின்றது. நான் ராமேசுவரம் பஸ்ஸிலே ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு, ‘சாமி கும்பிட்டுட்டு நாளைக்கு வர்றேன்’ என்றேன். பாருங்கள், நம்ம ஊரிலே ஒரு பெண் தனியாகப் போகக் கேள்வி கேட்காமல் கிடைக்கிற ஒரே சீட்டு சாமி சீட்டுதான். ‘கடல்லே குளிக்கப் போறேன்’ என்றிருந்தால் வீட்டிலே பஞ்சாயத்துக் கூட்டியிருப்பார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

விடிகாலை அக்னி தீர்த்தம். போயிருப்பீர்கள். கோயிலுக்குக் கிழக்கே, அலையே இல்லாமல் குளம் மாதிரி கிடக்கிற கடல். பாம்பன் பாலத்திலே வரும்போது இருந்த துணிச்சல், தண்ணீரைப் பார்த்ததும் காணாமல் போய்விட்டது. பழக்கதோஷம், படியோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போது வடநாட்டு அம்மா ஒருத்தர், மராட்டியோ குஜராத்தியோ தெரியவில்லை, அறுபது வயசிருக்கும், என்னைவிட ஒன்றரை மடங்கு. நேரே என்கிட்டே வந்து, ஏதோ சொல்லி, தன் பையை என் மடியிலே வைத்துவிட்டுக் கடலுக்குள்ளே போய்விட்டார்! ராமேசுவரத்திலேயும் எனக்கு அதே உத்தியோகம்! என் நெற்றியிலே எழுதி ஒட்டியிருக்கிறதோ என்னமோ!

உட்கார்ந்து பார்த்தேன். அங்கே இருந்தது என்ன தெரியுமா? எங்கள் உத்தமபாளையத்துப் படித்துறை! முப்பது வருஷத்துக்கு முன்னாலே தொலைத்த படித்துறை. எலும்பும் தோலுமாய் ஒரு பாட்டி, பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அறுவைசிகிச்சைத் தழும்பு தெரிய ஈரச்சேலையோடு ஒரு அம்மா, ஊன்றுகோலைக் கரையிலே போட்டுவிட்டு மகன் தோளைப் பிடித்து இறங்குகிற ஒருத்தர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் முழுக்கு.

அந்த அம்மா முழுகி எழுந்து சொட்டச் சொட்ட வந்தார். பையை வாங்கினார். என் கையிலிருந்த பையையும் சேர்த்து வாங்கினார்! வாங்கித் தன் மடியிலே வைத்துக்கொண்டு, கடலைக் கையால் காட்டி, ‘ஜா, ஜா’ என்றார். எனக்குத் தெரிந்த இந்தியிலே அது ஒன்று. போ!

போனேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. மூச்சைப் பிடித்து ஒரு முழுக்கு. எழுந்து திரும்பிப் பார்த்தேன், யாராவது சிரிக்கிறார்களா என்று. ஒருத்தருமில்லை. அந்த அம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணி என்னை அப்படியே மேலே தூக்குகிறது, நடுவர் அவர்களே! தரையிலே படி கிரீச்சிடுகிற உடம்பு, தண்ணியிலே தாமரை இலை மாதிரி மிதக்கிறது. தண்ணீரைவிடக் கொழுப்பு லேசு. பள்ளிக்கூடத்திலே படித்ததுதான், அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதேனா சிரித்தேனா தெரியாது, முகமெல்லாம் ஏற்கெனவே உப்பு.

அதோடு விட்டதா? அங்கேயிருந்து ஈரச்சேலையோடு தெருவைக் கடந்து கோயிலுக்குள்ளே போய், இருபத்திரண்டு தீர்த்தத்திலேயும் வாளி வாளியாகத் தலையிலே ஊற்றிக்கொள்ள வேண்டும். நனைந்த உடம்போடு அந்தப் பிரகாரம் முழுக்க, ஆயிரம் பேர் நடுவிலே நடந்தேன். எனக்குக் கிடைக்காமல் போன பரிபாடல்கூட இப்போது கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயும் இருபத்திரண்டு, இங்கேயும் இருபத்திரண்டு!

எதிரணி இப்போது எழுந்து, ‘அந்த வடநாட்டு அம்மா துணைதானே? அப்போ கூட்டம்தானே ஜெயித்தது?’ என்று கேட்கும். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஐயா, அந்த அம்மாவுக்கு என் பேர் தெரியாது. நான் யார் மருமகள் என்று தெரியாது. 1998-இலே யார் என்ன சொன்னார் என்று தெரியாது. என்னை வீட்டுக்காரர் கூட்டிப்போயிருந்தால், கரையிலே நின்று ‘பாத்து, பாத்து, வழுக்கும்’ என்று அன்பாகச் சொல்லியே என்னை உட்காரவைத்திருப்பார்! தனியாகப் போனதாலேதான் அந்த அம்மா எனக்குக் கிடைத்தார். அதே சமயம் தாய்மார்களுக்கு ஒன்று. தனியாகப் போவதென்றால் வீட்டிலே சொல்லாமல் போகிறதில்லை. ஆழத்துக்குப் போகிறதில்லை. தனுஷ்கோடி முனையிலே கடல் பொல்லாதது, அங்கே இறங்கவே வேண்டாம். நான் இறங்கியது நெஞ்சளவு.

ஊருக்கு வந்து நூலகத்திலே உட்கார்ந்து நீந்திய பெண்களைத் தேடினேன். ஆரத்தி சாகா, வங்காளத்துப் பெண். 1959 ஆகஸ்டிலே இங்கிலீஷ் கால்வாயை நீந்தப் போய்த் தோற்றார். செப்டம்பர் 29-இலே மறுபடியும் இறங்கி, பதினாறு மணி இருபது நிமிஷத்திலே கடந்தார். ஆசியாவிலேயே முதல் பெண். நம்ம வைகை அணை திறந்த அதே வருஷம்! அந்தக் குளிர்க்கடலிலே நீந்துகிறவர்களுக்கு உடம்பிலே சதைப்பிடிப்பு இருந்தால் குளிரைத் தாங்க உதவும் என்கிறார்கள். இங்கே நாம் ஒளித்து வைக்கிறது அங்கே மூலதனம்! அவ்வளவு ஏன், கடலே இல்லாத இந்தத் தேனியிலிருந்து 2019-இலே ஒரு பத்து வயசுப் பையன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தான். (பலத்த கைதட்டல்) தட்டுங்கள், நம்ம பிள்ளை!

நேரம் முடிந்தது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிஷம். அந்தப் புரட்டாசியிலேயே நானே வேன் பேசினேன். சுருளி. அதே சொந்தபந்தம், அதே புளியோதரை, அதே அண்ணன். இறங்கியதும் பையெல்லாவற்றையும் தூக்கி என் வீட்டுக்காரர் மடியிலே வைத்தேன். மகள் கையைப் பிடித்தேன். அவள் கை பின்னாலே இழுத்தது. ‘அம்மா, எல்லாரும் பாப்பாங்க’ என்றாள். ‘பாக்கட்டும்டா. வா’ என்றேன். தண்ணிக்குள்ளே கால் வைக்கப் போகும்போது, நானே திரும்பிச் சத்தமாகச் சொன்னேன்: ‘அண்ணே! யானை இறங்குது! ஒண்ணு இல்லே, ரெண்டு!’

அண்ணன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் சிரித்தாள். அருவிக்கு அடியிலே போய் நின்றுகொண்டு, தண்ணி அடிக்கிற அடியிலே மூச்சுவிட முடியாமல் சிரித்தாள்.

கரையிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: ‘ஏம்மா! அப்ப நான் எப்பக் குளிக்கிறது?’

‘பதினாலு வருஷம் கழிச்சு!’ என்றேன்.

இந்த வருஷத்தோடு அவருக்குப் பதினாலு முடிகிறது, நடுவர் அவர்களே. தீர்ப்பைச் சீக்கிரம் சொன்னால் மனுஷன் போய்க் குளிப்பார்.

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)