பார்ப்பவர் இல்லாத நேரத்துப் பதிவு
(மாநாட்டுத் தலைமை உரை)

இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருப்பது பெருமைதான், கொஞ்சம் பதற்றமும்கூட. மாநாட்டுக் குழு தந்திருக்கும் கருப்பொருள் ‘நம்பத்தக்க துவக்கம்’. கையொப்பச் சரிபார்ப்பு, டிபிஎம் சில்லு, பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் வழிகள், சாவிகளைப் பேணும் முறை என எல்லாவற்றுக்கும் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. முதல் நிலை பூட்லோடர் இரண்டாம் நிலையை எப்படிச் சரிபார்க்கிறது என்று இந்த அவைக்கு நான் விளக்கப் புகுந்தால் அது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். எனவே கருப்பொருளை அமர்வுகளின் பொறுப்பில் விட்டுவிட்டு, நிகழ்ச்சி நிரலில் ஓர் அமர்வுகூட இல்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். பூட்லோடர் தான் செய்ததைப் பற்றி எழுதிவைக்கும் லாக் அது.

நான் சொல்ல வருவது இதுதான். பூட்லோடரின் லாக் முதலில் நினைவகத்தில் எழுதப்பட வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கைமாறி, இயங்குதளம் எழுந்த பிறகும் படிக்கக் கிடைக்க வேண்டும். விற்பனைக்குப் போகும் சாதனத்திலும் அது இருக்க வேண்டும். சீரியல் போர்ட் அந்த லாக்கைப் பார்ப்பதற்கான ஒரு ஜன்னல் மட்டுமே. நம் வழக்கமோ இதற்கு நேர் எதிர். சீரியல் போர்ட்டில் ஓடும் எழுத்துகளையே லாக் என்று நினைக்கிறோம். கம்பி மாட்டாத நாளில் அது காற்றோடு போகிறது. ரிலீஸ் பில்ட் செய்யும்போது அதையும் அகற்றிவிட்டு, ‘நிரல் சிறியதாயிற்று, துவக்கம் விரைவாயிற்று’ என்று அறிக்கை எழுதுகிறோம்.

இந்தத் தலைகீழ் வழக்கத்துக்குக் காரணம் நாம் வைத்திருக்கும் வம்சாவளி என்பது என் எண்ணம். பூட் பதிவின் வரலாறு எழுதுவோர் யாராக இருந்தாலும் 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் தொடங்குகிறார்கள். அதன் பயாஸ், தன்சோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஹெக்ஸ் 80 என்ற போர்ட்டில் ஒரு பைட்டை எழுதும். இரண்டு இலக்கம் மின்னும் கார்டை ஸ்லாட்டில் செருகினால், பயாஸ் எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று தெரியும். இதுவே மூதாதை என்று சொல்லும் நண்பர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியவற்றிலிருந்து நிறையக் கற்றவன் நான். ஆனாலும் அதே இயந்திரத்தின் தொழில்நுட்பக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ஐபிஎம் அதில் பயாஸின் மூலநிரலையே அச்சிட்டுத் தந்தது. அந்தப் பட்டியலை மேற்கோள் காட்டுபவர்கள் பலர். 80ஆம் போர்ட்டைத் தாண்டிப் படித்தவர்கள் குறைவு. படித்திருந்தால் கடிகாரச் சில்லின் சிமாஸ் நினைவகத்தில் உள்ள 15ஆம் எண் பைட் கண்ணில் பட்டிருக்கும். 80286 செயலி புரொடெக்டட் மோடுக்குள் போனால் திரும்பி வர ரீசெட்டைத் தவிர வழியில்லை. ரீசெட் ஆனால் செயலிக்கு எதுவும் நினைவிராது. ஆகவே ரீசெட்டுக்கு முன்பே, ‘நான் ஏன் ரீசெட் ஆகிறேன்’ என்பதை அந்த ஒற்றை பைட்டில் பயாஸ் எழுதிவிடும். நினைவகச் சோதனை தேறியது என்றால் 2, தேறவில்லை என்றால் 3, நினைவகத் தொகுதி ஒன்றை இடம் மாற்றப் போய்த் திரும்புகிறேன் என்றால் 9. விழித்தெழுந்ததும் பயாஸ் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

பூட் லாக்கின் மூதாதை அந்த பைட்தான் என்பது என் வாதம். 80ஆம் போர்ட்டில் எழுதியதைப் பார்க்க ஒருவர் அந்தக் கணத்தில் கார்டோடு அங்கே நிற்க வேண்டும். 15ஆம் பைட்டோ, எல்லா நிலையும் அழிந்த பிறகு வந்து படிப்பவருக்காக, அழிவதற்கு முன்பே எழுதப்பட்டது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கற்றவர்கள் எழுப்பும் மறுப்பு என்பதால் தட்டிக்கழிக்க முடியாது. ‘அது பதிவே இல்லை, நிரல் எங்கே தாவ வேண்டும் என்ற கட்டளை’ என்கிறார்கள். தாவுவதற்குப் பயன்பட்டது என்பது சரி. ஆனால் 2, 3 என்ற இரண்டு எண்களும் ஒரே சோதனையின் இரு முடிவுகளைச் சொல்கின்றன. அந்த முடிவைப் படிப்பது நிரலா மனிதரா என்பதைப் பொறுத்து அது பதிவாகவோ ஆகாமலோ போய்விடுமா? இன்று ஒரு சாதனம் வாட்ச்டாகால் ரீசெட் ஆனதா, மின்சாரம் போய் ரீசெட் ஆனதா என்று பூட்லோடர், ரீசெட்டின் காரணத்தைச் சொல்லும் பதிவேட்டைப் படித்து, மீட்புப் பதிப்புக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. அதே தகவலைப் பராமரிப்புப் பொறியாளரும் படிக்கிறார். ஒரே பதிவை இரண்டு பேர் படிக்கிறார்கள், அவ்வளவுதான். லைலோ என்ற பூட்லோடர் திரையில் காட்டும் எழுத்துகளை எடுத்துக்காட்டுபவர்களுக்கு, 80ஆம் போர்ட்டுக்குச் சொன்ன அதே பதில். ‘எல்’ மட்டும் வந்து நின்றால் முதல் நிலை ஓடியது. ‘எல்ஐ’ என்றால் இரண்டாம் நிலையை ஏற்ற முடிந்தது, இயக்க முடியவில்லை. நான்கு எழுத்தும் வந்தால் எல்லாம் நலம். நான்கே எழுத்தில் இதைவிடச் சிக்கனமான பிழையறிதல் அரிது. அதை ரசிப்பதில் யாருக்கும் நான் பின்தங்கியவன் அல்லன். ஆனால் திரைக்கு முன் ஆள் இல்லாத, கம்பத்தில் மாட்டிய சாதனத்தில் அந்த எழுத்துகள் யாரிடம் போய்ச் சேரும்?

சீரியல் போர்ட்டின் குறை, ஆள் வேண்டும் என்பதோடு முடிவதில்லை. அது நேரத்தைத் தின்கிறது. அந்த நேரம் பிழையை மறைக்கிறது. 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று கொண்டால், ஓர் எழுத்து வெளியேற ஏறத்தாழ 87 மைக்ரோசெகண்ட் ஆகும். 80 எழுத்து கொண்ட ஒரு வரிக்கு 7 மில்லிசெகண்ட். பெரும்பாலான பூட்லோடர்கள் யுஆர்ட் காலியாகும்வரை சுற்றிக்கொண்டே காத்திருப்பவை. இப்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் விதியை நினைத்துப் பாருங்கள்: ரீசெட் முடிந்து சாதனத்திடம் முதல் கான்ஃபிகரேஷன் கேள்வி கேட்பதற்குமுன் குறைந்தது 100 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை எழுத மறந்த ஒரு நிரலில், இடையே 15 முழுவரி லாக் இருந்தால் போதும், 104 மில்லிசெகண்ட் ஓடிவிடும். டீபக் பில்டில் எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் கிடைக்கும். ரிலீஸ் பில்டில் லாக்கை எடுத்ததும் சில முறை காணாமல் போகும். காரணம் தேட லாக்கைத் திரும்பப் போட்டால் பிழை மறைந்துவிடும். இதைக் காட்டித்தான் ‘லாக் போட்டு டீபக் செய்வது நம்பத்தகாதது’ என்று ஜேடேக் அணியினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் கண்ட நோய் உண்மை. ஆனால் அது லாக்கின் நோய் அல்ல, கம்பியின் நோய். அதே 15 வரியை நினைவகத்தில் எழுதினால் மைக்ரோசெகண்ட் கணக்கில் முடிந்துவிடும். டீபக் பில்டும் ரிலீஸ் பில்டும் அதே லாக்கோடு ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும். விடுபட்ட காத்திருப்பு சோதனை மேசையிலேயே வெளிப்படும். செயலியை நிறுத்தி வைத்துப் பார்க்கும் ஜேடேக் கருவியோ நேரத்தை நம் எல்லோரையும்விட அதிகமாகக் கலைக்கிறது. தவிர, பாதுகாப்பு காரணமாக விற்பனைச் சாதனங்களில் அந்தக் கதவை ஃப்யூஸ் எரித்து மூடுவதும் நாமேதான்.

நினைவகத்தில் எழுதுவது எப்படி என்பதற்குக் கோர்பூட் என்ற ஃபர்ம்வேரைக் காட்டுகிறேன். 1999இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் தொடங்கிய லினக்ஸ்பயாஸ்தான் 2008இல் இந்தப் பெயர் பெற்றது. லாக்கை நினைவகத்தில் எழுதும் அதன் சிபிமெம் கன்சோலை நம் கட்டுரைகள் ஓர் அடிக்குறிப்பில் கடந்துவிடுகின்றன. அமைப்பு மிக எளியது. முதல் 4 பைட், இடத்தின் அளவு. அடுத்த 4 பைட் எழுதுமிடத்தைக் காட்டும் கர்சர். பிறகு வெறும் எழுத்துகள். கர்சரின் கீழ் 28 பிட் இடத்தைச் சுட்டும். உச்சி பிட், இடம் நிரம்பி மறுபடி தொடக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியாயிற்று என்று சொல்லும். டிராம் இன்னும் எழாத கட்டத்தில் உள் எஸ்ராமிலோ, ராமாகப் பயன்படும் கேஷிலோ ஒரு சிறிய இடத்தில் எழுதுகிறார்கள். டிராம் எழுந்ததும் அது பெரிய இடத்துக்கு நகலாகிறது. லினக்ஸ் வந்தபின் சிபிமெம் என்ற கருவியின் ஒரு கட்டளையில் முழுவதையும் படிக்கலாம். ரீசெட்டில் டிராம் அழியாத இயந்திரங்களில், நடந்துகொண்டிருக்கும் துவக்கத்தின் லாக் மட்டுமின்றி அதற்கு முந்தைய துவக்கத்தின் லாக்கும் அங்கேயே கிடக்கும். அதைத் தனியே பிரித்துக் காட்டும் வசதியும் அந்தக் கருவியில் உண்டு. விழுந்த துவக்கத்தின் கதையை எழுந்த துவக்கத்தில் படிக்கலாம் என்பதே இதன் பொருள். யு-பூட் என்ற பூட்லோடரில் கன்சோல் தயாராகும் முன் வருவதைச் சேமித்து வைக்கும் பஃபர் நெடுநாளாக உண்டு. ஆனால் கன்சோல் எழுந்ததும் எல்லாவற்றையும் சீரியலில் கொட்டிவிடுவதே அதன் வேலை. நல்ல யோசனையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள் என்று மரியாதையோடு சொல்லத் தோன்றுகிறது.

இடமில்லை என்ற ஆட்சேபத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆர்பி2040 சில்லின் இரண்டாம் நிலை பூட் நிரலுக்கு மொத்தம் 256 பைட். அதிலும் 4 பைட் சிஆர்சிக்குப் போகும். அங்கே வாக்கியம் எழுத முடியாதுதான். ஆனால் அதே சில்லின் வாட்ச்டாகில், மென்பொருள் ரீசெட்டுக்குத் தப்பிக்கும் 32 பிட் பதிவேடுகள் 8 இருக்கின்றன. ஒன்றில் ஓர் எண்ணை எழுத எத்தனை பைட் வேண்டும்? கொஞ்சம் பெரிய இடமென்றால், வாக்கியத்துக்குப் பதில் அதைச் சுட்டும் ஓர் எண்ணை எழுதி, வாக்கியத்தைக் கணினிப் பக்க அகராதியில் வைத்துக்கொள்ளும் முறை பிக்வீட் நூலகத்திலும் செஃபிர் இயங்குதளத்திலும் இருக்கிறது.

மின்சாரம் முற்றிலும் போனால் டிராமும் போகுமே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். போகும். அதனால்தான் கோர்பூட் முக்கிய நிகழ்வுகளுக்கு மட்டும் எஸ்பிஐ ஃபிளாஷில் தனி ஏடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியையும் ஃபிளாஷில் எழுதச் சொல்பவர்கள், ஒரு செக்டரை அழித்து எழுதக்கூடிய முறைகளுக்கு வரம்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

இனி பாதுகாப்பு அணியினர். மாநாட்டுக் கருப்பொருளே அவர்களுடையது என்பதால் இங்கே கவனமாக நடக்க வேண்டியிருக்கிறது. லாக் எதிரிக்கு வழிகாட்டும், ஆகவே விற்பனைப் பதிப்பில் கூடாது என்பது அவர்கள் நிலை. சாவியோ கடவுச்சொல்லோ எந்த நிலை லாக்கிலும் வரக் கூடாது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சீரியல் போர்ட் வழியாக வீட்டு ரவுட்டர்களுக்குள் புகுபவர்கள் பயன்படுத்துவது அங்கே வெளிவரும் எழுத்தை அல்ல. ஒரு விசையைத் தட்டினால் திறக்கும் கட்டளை வரியை. அதை மூடுங்கள், லாக்கை நினைவகத்தில் விடுங்கள், படிக்க ரூட் உரிமை கேளுங்கள். இன்னொன்று: அவர்களுடைய மெஷர்ட் பூட்டே ஒரு லாக்கின் மேல்தான் நிற்கிறது. டிபிஎம்மின் பிசிஆர் பதிவேட்டில் இருப்பது, பழைய மதிப்பையும் புதிய அளவீட்டையும் சேர்த்து மீண்டும் மீண்டும் ஹாஷ் செய்து வந்த ஒரே ஓர் எண். எது எந்த வரிசையில் ஓடியது என்பதை அந்த எண்ணிலிருந்து யாரும் படிக்க முடியாது. அதற்காகவே ஃபர்ம்வேர் நினைவகத்தில் நிகழ்வுப் பட்டியல் ஒன்றை எழுதி இயங்குதளத்திடம் கொடுக்கிறது. அந்தப் பட்டியலை யாரும் நம்பத் தேவையில்லை. மறுபடி கணக்கிட்டு பிசிஆரோடு ஒப்பிட்டால், ஒரு வரி மாறியிருந்தாலும் வெளிப்பட்டுவிடும். நினைவகத்தில் எழுதி, கைமாற்றி, பின்னால் வருபவர் படிப்பது என்று நான் கேட்கும் மூன்றையும் அவர்கள் தமக்கு ஏற்கெனவே செய்துகொண்டார்கள். பிழை தேடுபவனுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? ஓர் எச்சரிக்கையை மட்டும் அவர்களிடமிருந்து நன்றியோடு எடுத்துக்கொள்ளலாம்: ரீசெட் தாண்டி வந்த பழைய லாக்கை இடையில் இயங்குதளம் தொட்டிருக்கலாம். எனவே கர்சர் எல்லைக்குள் இருக்கிறதா, அளவு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பூட்லோடர் அதைத் தொடர வேண்டும். கோர்பூட் அப்படித்தான் செய்கிறது; பொருந்தாவிட்டால் புதிதாகத் தொடங்கிவிடும்.

கைமாற்றுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் எல்லா நிலைகளுக்கும் பொதுவான லாக் வடிவம் பற்றிப் பேசிப் பயனில்லை. ஓர் ஆர்ம் பலகையில் டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ, யு-பூட், லினக்ஸ் என்ற மூன்றும் அடுத்தடுத்து ஓடுகின்றன. லினக்ஸுக்கு லாக் நிலைகள் 8. யு-பூட் அவற்றோடு இரண்டு சேர்த்து 10 வைத்திருக்கிறது. டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏ 10, 20, 30 என்று பத்துப் பத்தாக எண்ணுகிறது. எண்கள் வேறுபட்டால் ஓர் அட்டவணை போட்டு மாற்றிக்கொள்ளலாம். வரிசையே வேறுபட்டால்? லினக்ஸில் ‘வார்னிங்’ 4, ‘நோட்டீஸ்’ 5; எண் சிறியது என்பதால் எச்சரிக்கைதான் கடுமையானது. டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏயில் ‘நோட்டீஸ்’ 20, ‘வார்னிங்’ 30. அங்கே ரிலீஸ் பில்டின் இயல்பு நிலை 20; அதைத் தாண்டிய எண்ணுள்ள செய்திகள் வெளிவரா. அதாவது விற்பனைக்குப் போகும் சாதனம் தன் பதிப்பு எண்ணைத் தவறாமல் அறிவிக்கும்; எச்சரிக்கைகளை மட்டும் விழுங்கிவிடும். நோட்டீஸ் என்பது பயனர் கட்டாயம் பார்க்க வேண்டிய அறிவிப்பு என்று அதன் ஆதரவாளர்கள் விளக்குவார்கள். சீரியல் திரையில் எது ஓட வேண்டும் என்ற கேள்விக்கு அது ஏற்கத்தக்க விடைதான். எதை எழுதி வைக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே எண்ணை அளவுகோலாக்கியதால்தான் திரைக்கு வேண்டாதது ஏட்டிலும் இல்லாமல் போகிறது. திரைக்கு ஒரு வரம்பு, நினைவகத்துக்கு வேறு வரம்பு என்று பிரித்துவிட்டால் திரையில் நோட்டீஸே முந்தட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தகவல் கைமாற்றும் பட்டியல் வடிவத்தை ஆர்ம் தரப்பு ஏற்கெனவே வகுத்திருக்கிறது. அதில் லாக்குக்கு ஓர் இடமும், கடுமையின் வரிசைக்குப் பொதுவான ஓர் ஒழுங்கும் கோரி இந்த மாநாட்டின் பெயரால் ஒரு முன்மொழிவு அனுப்பலாம். நிறைவு நாளின் பொது அமர்வில் அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தருமாறு குழுவைக் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.