பல வயதுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்க்கலாமா?

(கொல்லிமலை, சோளக்காட்டில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



சாமையும் மிளகும் பற்றிப் பேச வேண்டியவன் கோழிக்குஞ்சைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைப்பீர்கள். நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன்தான். ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டவன். என் வீட்டில் ஒரு மாதக் குஞ்சுகள் எட்டு இருந்த கூண்டில், ஒரு வாரக் குஞ்சுகள் பன்னிரண்டை வாங்கி விட்டேன். இரண்டு வாரத்தில் எச்சத்தில் இரத்தம் கண்டது. சிறியவற்றில் நான்கே தேறின. பெரியவற்றுக்கு ஒன்றுமில்லை. நோய்க் குஞ்சை விற்றுவிட்டார் என்று விற்றவரைக் குறை சொன்னேன். தவறு என்னுடையது.

இரத்தக் கழிச்சல் என்னும் இந்நோயில் தேறிய குஞ்சு, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆயினும் அதன் எச்சத்தில் நோய்க்கிருமியின் முட்டைகள் வெளியாகும். தரையில் ஈரமும் கதகதப்பும் இருந்தால் அவை ஓரிரு நாளில் நோய் உண்டாக்கும் நிலையை அடையும். அதைக் கொத்தும் இளங்குஞ்சுதான் மடியும். மூன்று முதல் ஆறு வார வயதில் ஆபத்து அதிகம். மழையும் மூடுபனியும் மிகுந்த இம்மலையில் கூண்டுத் தரை எளிதில் உலர்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே உமியைக் கிளறி விடுங்கள். நனைந்ததை உடனே அள்ளிவிடுங்கள்.

நோய் இல்லாவிட்டாலும் பெரியது சிறியதைக் கொத்தும், தீவனத்தை அண்டவிடாது. நெல்லில் காலங்கடந்து பாடு நிரப்பினால் புது நாற்று நிழலில் நலிவதைப் போலத்தான். சூடும் ஒத்துவராது. முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரத்திற்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். முட்டையிடும் கோழியின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குஞ்சுகள் அதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். மலையடிவாரத்திற்கு அப்பால் நாமக்கல் பண்ணைகளில் குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் முட்டைக் கோழிக்கும் தனித்தனிக் கொட்டகை இருப்பது இதனால்தான்.

நமக்குக் கொட்டகை வேண்டாம்; நாள் ஒன்றானால் போதும். இரண்டு மூன்று கோழிகள் அடைக்கு வரும்போது, முட்டைகளைக் கூர்முனை கீழிருக்கும்படி குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வரை சேர்த்து வைத்து, எல்லாக் கோழிகளையும் ஒரே நாளில் அடை வையுங்கள். 21-ஆம் நாள் எல்லாம் ஒன்றாகப் பொரியும். ஒரு கோழிக்குக் குஞ்சு குறைந்தால், ஓரிரு நாள் வித்தியாசமுள்ள குஞ்சை இரவில் அதன் அடியில் தள்ளிவிடலாம். முன்பே வேறு வயதுக் குஞ்சுகள் இருந்தால் தனிக் கூடையில் அடையுங்கள். தினமும் சிறியவற்றைக் கவனித்த பிறகே பெரியவற்றிடம் செல்லுங்கள். எட்டு, பத்து வாரம் ஆனபின், நடுவே வலை கட்டிச் சில நாள் பழக்கி, பிறகு சேர்க்கலாம்.

இன்னொன்று. வெள்ளைக் கழிச்சலுக்கு 5 முதல் 7 நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுக்கும் மேல் வரும். கலந்தால் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சுக்காக 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிக்கட்டியோடு அதை ஏற்றி வந்து மீதியைக் கொட்டுவானேன்? அக்கம்பக்கத்து வீடுகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சு பொரிக்கும் நாளை முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.