விளக்கு எரியுது, அப்போ எல்லாம் நல்லாதானே இருக்கும்?

போன எபிசோடுல மெரினா லைட்ஹவுஸ்ல லிஃப்ட் ஏறி மேல போன கதையைச் சொன்னேன் இல்லையா, அதுக்கு நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: லிஃப்ட், கரண்ட் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி அந்த மாதிரி விளக்குகளை ராத்திரி முழுக்க யார் பார்த்துக்கிட்டாங்க? அதுக்குப் பதில் சொல்ல இன்னைக்கு உங்களை பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்த வேலை ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும்னு எனக்குப் புரியவெச்ச கதை அங்கதான் நடந்தது.

பெம்ப்ரோக்‌ஷர் கரையிலிருந்து சுமார் 20 மைல் மேற்கே, நடுக்கடல்ல ஸ்மால்ஸ்னு ஒரு பாறைக் கூட்டம். 1776-ல அங்க ஒரு லைட்ஹவுஸ் வந்தது. கோபுரம்னு நினைச்சுக்காதீங்க. ஓக் மரக் கால்கள் மேல நிக்கிற ஒரு குடிசை, அவ்வளவுதான். அலை கீழே புகுந்து போயிடணும்னு அப்படி ஒரு டிசைன். டிசைன் பண்ண ஹென்றி வைட்சைட் இசைக்கருவி செய்யறவர்! அவரே அங்க புயல்ல மாட்டிக்கிட்டு, உதவி கேட்டு எழுதின கடிதத்தை பாட்டில்ல அடைச்சுக் கடல்ல விட்டிருக்கார்.

இப்போ 1801-க்கு வருவோம். டியூட்டியில ரெண்டு பேர், தாமஸ் ஹோவெல், தாமஸ் கிரிஃபித். ரெண்டு பேருக்கும் ஆகாதுங்கிறது ஊருக்கே தெரியும். திடீர்னு கிரிஃபித் இறந்துபோறார். உடலைக் கடல்ல விட்டா, 'நீதான் கொன்னுட்டே'ன்னு ஊர் சொல்லுமே? அந்தப் பயத்துல ஹோவெல் குடிசைப் பலகைகளைப் பெயர்த்து ஒரு பெட்டி செஞ்சு, உடலை உள்ள வெச்சு வெளியே கட்டிவைக்கிறார். புயல்ல பெட்டி உடையுது. ஒரு கை வெளியே தொங்கி, காத்தடிக்கும்போதெல்லாம் 'வா வா'ன்னு கூப்பிடற மாதிரி ஆடுது.

கடல் கொந்தளிச்சதால கரையிலிருந்து வந்த படகுகளால பாறையை நெருங்க முடியலை. தூரத்துல இருந்து பார்த்தவங்களுக்கு வெளியே யாரோ ஒருத்தர் இருக்கிறது தெரிஞ்சுது. ராத்திரி ஆனா விளக்கும் எரிஞ்சுது. அப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சிட்டாங்க.

ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இந்த இடம் சுருக்குன்னு குத்தும். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைப் பச்சையாவே வெச்சிருக்க ஒருத்தன் தூங்காம செத்துக்கிட்டு இருக்கான்னு அதுல தெரியாது. ஹோவெல் ஒரு ராத்திரி விளக்கேத்தாம விட்டிருந்தா கரையில சந்தேகப்பட்டிருப்பாங்க. ஆனா கப்பல் பாறையில மோதியிருக்கும். அதனால எண்ணெய் ஊத்தி, திரி வெட்டி, கரி துடைச்சு, ஒரு ராத்திரி கூட விடாம ஏத்தினார்.

கடைசியில மீட்டுக் கூட்டிட்டு வந்தப்போ நண்பர்களுக்கே அவரை அடையாளம் தெரியலையாம். வாய்வழியா வந்த கதை, கொஞ்சம் உப்பு காரம் ஏறியிருக்கலாம். 2019-ல வந்த 'தி லைட்ஹவுஸ்' படத்துக்குப் பொறி இதுதான்.

இதுக்கப்புறம் பிரிட்டன்ல இந்த மாதிரி லைட்ஹவுஸ்கள்ல மூணு பேரைப் போடுறது வழக்கமாச்சு. நல்ல விதிதான். ஆனா கவனிங்க, அந்த மூணாவது ஆள் முதல்ல ஒரு சாட்சி. தனிமைக்கு மருந்துங்கிறதெல்லாம் அப்புறம்தான்.

இன்னைக்கு ஸ்மால்ஸ்ல நிக்கிறது 1861-ல எரிய ஆரம்பிச்ச கல் கோபுரம். 1987-ல அது தானியங்கி ஆச்சு. இப்போ விளக்கு மட்டும் எரியுது, உள்ள யாரும் இல்லை.